தாளின் விளிம்பு: வடசென்னையில் கட்டுமான ஒருங்கிணைப்பின் வரலாறு

கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் பாணிகளின் வரலாறாகவும் புரவலர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கல் தச்சர், கொத்தனார், கம்பி கட்டுபவர், குழாய் பொருத்துபவர், மின்வடம் இழுப்பவர் எனப் பலர் வெவ்வேறு நாள்களில், சில வேளைகளில் ஒருவர் முகத்தை மற்றவர் பாராமலே செய்யும் வேலைகள் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தி ஒரு கட்டடமாக நிற்கின்றன என்ற கேள்வி அவ்வரலாறுகளில் ஓரமாகவே நின்றுவிட்டது. இந்தப் பொருத்தத்தை உண்டாக்கும் பணியே ஒருங்கிணைப்பு எனப்படுகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இப்பணி, கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்றும், ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘பிம்’ என்றும் வழங்கப்படும் மென்பொருள் முறைக்குள் வேகமாக நகர்ந்து வந்துள்ளது. சுவர், தூண், குழாய், கதவு ஆகிய ஒவ்வொன்றையும் அதன் அளவு, மூலப்பொருள், விலை, பொருத்தப்படும் நாள் முதலிய விவரங்களோடு ஒரே முப்பரிமாண மாதிரியில் அடுக்கி, வேலை தொடங்குமுன்பே அவற்றிடையே உள்ள முரண்களைக் கண்டறிவது அம்முறையின் சாரம்.

அம்முறை தீர்க்க முயலும் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. ராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைக் கடற்கரைப் பகுதியில், சோழர் காலக் கற்றளி முதல் ரயில் நிலையம், துறைமுகம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம், மெட்ரோ ரயில் வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் காலத்தின் பெருங்கட்டுமானங்கள் சில மைல் தொலைவுக்குள் அடுத்தடுத்து நிற்பதால், இச்சிக்கலுக்கு ஒவ்வொரு காலமும் கண்ட விடையை ஒப்பிட்டுப் பார்க்க இப்பகுதி ஏற்றதாகிறது. அவ்வாறு ஒப்பிடும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தென்படுகிறது: ஒருங்கிணைப்புக்கான கருவி கயிறாக இருந்தாலும் தாளாக இருந்தாலும் கணினியாக இருந்தாலும், அதற்குள் கொண்டுவரப்பட்ட பொருள்களிடையே உள்ள முரண்களை மட்டுமே அது காட்டவல்லது; எவற்றைக் கொண்டுவருவது என்ற முடிவு கருவிக்கு வெளியே எடுக்கப்படுகிறது.

முழக்கோலும் நூலும்

தியாகராசர் கோயில் என்று மக்கள் வழங்கும் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலின் கருவறை விமானம் தூங்கானை மாட அமைப்புடையது. படுத்திருக்கும் யானையின் பின்புறம் போலக் கருவறையின் பின்சுவர் அரைவட்டமாக வளையும் கட்டட வகைக்கு அப்பெயர் வழங்குகிறது. முதலாம் இராசேந்திர சோழனின் ஆட்சிக் காலத்தில் இவ்விமானம் கல்லால் எடுக்கப்பட்டதைக் கூறும் கல்வெட்டு, அப்பணியில் சதுரானன பண்டிதர் என்ற மடத் தலைவருக்கு இருந்த பங்கைக் குறிப்பதோடு, கட்டிய தச்சனை இரவி என்ற இயற்பெயராலும் வீரசோழத் தச்சன் என்ற பட்டத்தாலும் சுட்டுகிறது. தமிழகக் கோயில்களுள் கட்டியவரின் பெயர் கல்லில் நிலைத்தவை மிகச் சிலவே என்பதால் இக்குறிப்பு அரியது.

நேர்ச்சுவரைக் காட்டிலும் வளைசுவரைக் கல்லில் எடுப்பது கடினம். வளைவில் அமரும் ஒவ்வொரு கல்லின் வெளிமுகமும் உரிய அளவு வளைந்தும், பக்க முகங்கள் வட்டத்தின் மையத்தை நோக்கிச் சாய்ந்தும் இருக்க வேண்டியிருப்பதால், தரையில் செதுக்கி மேலேற்றப்படும் கல்லில் விரலளவு பிழை நேர்ந்தாலும் அடுத்த கல் அமராது. இத்தகைய வேலையைப் பலர் பங்கிட்டுச் செய்வதற்கான ஒழுங்கை மயமதம் போன்ற சிற்ப நூல்கள் நால்வகைப் பொறுப்புகளாக வகுத்துள்ளன: முழுமைக்கும் பொறுப்பேற்பவர் ஸ்தபதி, அவருடைய மகனாகவோ மாணவராகவோ இருந்து நூல் பிடித்து அளவிடுபவர் சூத்திரகிராகி, அளவின்படி கல்லையும் மரத்தையும் வெட்டுபவர் தட்சகர், வெட்டியவற்றைச் சேர்த்துப் பொருத்துபவர் வர்த்தகி. அளப்பவரும் வெட்டுபவரும் பொருத்துபவரும் தனித்தனி ஆட்கள் என்பதையும், மூவருக்கும் ஒரே தலைவர் என்பதையும் இப்பகுப்பு காட்டுகிறது. இந்நூல்களுக்கு முற்பட்ட நெடுநல்வாடையிலும், அரண்மனை எடுக்கும்போது நூல் வல்லோர் நண்பகல் நிழலைக் கொண்டு திசையறிந்து கயிறிட்டு மனை வகுத்த செய்தி இடம்பெறுகிறது.

தாள் இல்லாத இவ்வமைப்பில் ஒருங்கிணைப்பை இருவழியில் நிலைநிறுத்தினர். ஒரு பணிக்குரிய முழக்கோலைக் கொண்டே எல்லாரும் அளந்தனர் என்பது ஒருவழி. கருவறையின் அகலம் போன்ற ஓர் அடிப்படை அளவிலிருந்து அதிட்டானம், கால், பிரத்தரம், சிகரம் ஆகியவற்றின் அளவுகளைப் பங்குகளாகப் பெற்றனர் என்பது மற்றது. அதனால் ஓர் உறுப்பின் அளவை அறிந்தவர் மற்ற உறுப்புகளின் அளவையும் கணக்கிட்டுக்கொள்ள முடிந்தது. தகவல் முழுவதும் ஸ்தபதியின் நினைவிலும் விகித விதிகளிலும் தங்கியிருந்த இம்முறைக்கு ஓர் எல்லையும் இருந்தது: தலைவர் களத்தில் இருந்தாக வேண்டும்.

கடல் கடந்து வந்த வரைபடம்

தலைவர் களத்தில் இல்லாமலேயே கட்டுவதற்கு வழிவகுத்தது, அளவுக்கேற்ப வரையப்பட்ட தாள். சென்னையில் அதற்கான பயிற்சி, 1794-இல் மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் முறைப்படி அளிக்கப்பட்டது. பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது இப்பள்ளியே. அளப்பதும் அளந்ததைத் தாளில் வரைவதும் தனித் தொழிலாகப் பிரிந்த இக்காலத்தில், வரைபவர் ஓரிடத்திலும் கட்டுபவர் வேறிடத்திலும் இருப்பது இயல்பாயிற்று.

அப்பிரிவின் உச்சத்தை ராயபுரம் ரயில் நிலையத்தில் காணலாம். லண்டனில் பதிவுபெற்ற மதராஸ் ரயில்வே கம்பெனி 1853-இல் பாதை வேலையைத் தொடங்கி, ராயபுரத்திலிருந்து இன்றைய வாலாஜா ரோடு வரையிலான தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதையை மூன்றாண்டுகளில் முடித்தது. டிரேசி என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் தூண்களோடு எழுந்த நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று திறந்துவைத்தார். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான போக்குவரத்து நடந்தது. இயக்குநர் குழு லண்டனில், பொறியாளர்கள் சென்னையில், இரும்புப் பாகங்கள் இங்கிலாந்து ஆலைகளில் எனச் சிதறிக் கிடந்த வேலையை இணைத்தவை வரைபடங்களும் கடிதங்களுமே. சென்னைக்கு அப்போது துறைமுகம் இல்லாததால், கப்பலில் வந்த சரக்குகள் ஆழ்கடலிலேயே இறக்கப்பட்டு, கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கரை சேர்ந்தன. லண்டனில் வரையப்பட்ட தாளுக்கும் ராயபுரத்து மண்ணுக்கும் இடையே, எந்தத் தாளிலும் இடம்பெறாத படகோட்டிகளின் அலையறிவு நின்றது.

மணலுக்கு இடமில்லாத படம்

அந்த அலையைத் தடுத்து நிறுத்த எழுந்த திட்டம் இப்பகுதியின் ஒருங்கிணைப்பு வரலாற்றில் மிகப் பெரிய பாடமாக அமைந்தது. 1861-இல் பயன்பாட்டுக்கு வந்த இரும்புப் பாலத்துறை கடலுக்குள் நீண்டு சரக்கிறக்க உதவினாலும் அலையின் சீற்றத்திலிருந்து கப்பலைக் காக்கவில்லை. எனவே, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 3,000 அடி இடைவெளியில் இரு அலைத்தடுப்புச் சுவர்களைக் கரையிலிருந்து கடலுக்குள் நீட்டி, முனைகளை ஒன்றை நோக்கி ஒன்றாக வளைத்து, கிழக்கே வாயில் விட்டு ஒரு செயற்கைத் துறைமுகத்தை அமைக்கும் திட்டத்தை வில்லியம் பார்க்ஸ் வகுத்தார். 1875 டிசம்பரில், இந்தியாவுக்கு வந்திருந்த வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

அலைத்தடுப்புச் சுவரின் கட்டுமுறை நுணுக்கமானது. கடலடியில் கருங்கல் சரளையைக் கொட்டி மேடாக்கி, அதன்மேல் கரையில் வார்த்த பெரிய கான்கிரீட் கட்டிகளை வரிசையாக அடுக்கினர். கட்டிகளைக் கொண்டுசெல்லச் சுவரின் மீதே தண்டவாளம் போடப்பட்டது. டைட்டன் எனப்பட்ட பாரந்தூக்கி, தான் அடுக்கிய கட்டிகளின்மேலேயே நின்று அடுத்த கட்டியை முன்னே இறக்கியது. வார்ப்பு, உலர்த்தல், ஏற்றுதல், அடுக்குதல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தாமதமானாலும் மற்றவை நின்றுவிடும் என்பதால், இன்று கால அட்டவணை எனக் கருதப்படுவதன் முழு ஒழுங்கும் அவ்வேலையில் இருந்தது. வேலை முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் சுவரில் அரை மைலளவைச் சிதைத்து, மேலிரு வரிசைக் கட்டிகளைத் துறைமுகத்துக்குள் தள்ளி, இரு டைட்டன் பாரந்தூக்கிகளையும் கடலில் கவிழ்த்தது. சுவர்களை மீட்டெடுத்து முடிக்க அந்நூற்றாண்டின் இறுதி நெருங்கிவிட்டது.

புயலின் சேதத்தைச் சரிசெய்ய முடிந்தது. மற்றொரு விளைவு மெல்லத்தான் வெளிப்பட்டது. சோழமண்டலக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கியும் மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் நிகர நகர்வு வடக்கு நோக்கியது. குறுக்கே நின்ற சுவர் இவ்வோட்டத்தை மறித்ததால், தெற்கே மணல் குவிந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம் முதல் கரை அரிக்கத் தொடங்கியது. 1904 முதல் துறைமுகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், குவியும் மணலும் அலையும் கிழக்கு வாயிலைப் பயனற்றதாக்கிவிடும் என்று கண்டு, அதை அடைத்து வடகிழக்கில் புதிய வாயிலைத் திறந்தார். துறைமுகத்தின் உள்ளே எழுந்த சிக்கல் இவ்வாறு தீர்ந்தது. வெளியே, காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்க் கடலோர மீனவக் குப்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தெருக்களைக் கடலுக்கு இழந்தன. கருங்கல் கொட்டிய தடுப்புகளும், இந்நூற்றாண்டில் ஐ.ஐ.டி. வல்லுநர்களின் வடிவமைப்பில் போடப்பட்ட தூண்டில் வளைவுகளும் (கரைக்குக் குறுக்காகக் கடலுக்குள் நீளும் குட்டைக் கல்வரிசைகள்) அவ்விளைவுக்குப் பிற்காலத்தில் தேடிய மருந்துகள். பார்க்ஸின் படத்தில் கட்டிகளும் சுவரும் பிசகின்றிப் பொருந்தின. நகரும் மணல் அப்படத்தின் விளிம்புக்கு வெளியே இருந்தது.

நீலப்பிரதியும் மெழுகுத்துணியும்

ஒரே படம் பலர் கைக்குச் செல்ல வேண்டிய தேவை, படியெடுக்கும் முறையை வளர்த்தது. 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த இரும்பு உப்புப் படிமுறை, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பொறியியல் அலுவலகங்களுக்குள் நுழைந்து, நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாகத் தோன்றும் நீலப்பிரதியைத் தந்தது. ரயில்வே, துறைமுகம், பொதுப்பணித்துறை ஆகியவற்றின் வரைவு அறைகளில் மூலப்படம் மெழுகிட்ட மெல்லிய துணியில் மையால் வரையப்பட்டது; அதை அப்படியே மேலிருந்து பார்த்து வரையும் தொழிலாளி டிரேசர் என்றும், கணக்கிட்டுப் படம் அமைப்பவர் டிராஃப்ட்ஸ்மேன் என்றும் அழைக்கப்பட்டனர். பின்னாளில் நீலப்பிரதியின் இடத்தை, மூக்கைத் துளைக்கும் நெடியுடைய அம்மோனியா பிரிண்ட் பிடித்துக்கொண்டது. வரைவு அலுவலகங்களில் பழகியவர்கள் அந்நெடியைக் கொண்டே பிரிண்ட் அறை இருக்கும் திசையைச் சொல்லிவிடுவர்.

இக்காலத்து ஒருங்கிணைப்பின் மையக் கருவி ஒளி மேசை. கண்ணாடிப் பரப்பின் கீழே விளக்கெரியும் அம்மேசையின்மேல் கட்டமைப்புப் படத்தை விரித்து, அதன்மேல் குழாய்ப் படத்தையும், அதற்கும் மேல் மின்வடப் படத்தையும் மூலைக்கு மூலை பொருத்தி வைத்தால், கீழிருந்து வரும் வெளிச்சத்தில் மூன்று தாள்களின் கோடுகளும் ஒருங்கே தெரியும். எங்கே குழாய் தூணை வெட்டுகிறதோ அங்கே சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவர். எனினும் தரைப்படம் இருபரிமாணமே உடையது. இரு கோடுகள் தாளில் வெட்டிக்கொண்டாலும் உயரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கடந்துவிடக்கூடும். இக்குறையை ஈடுசெய்தது, படத்தைப் பார்த்து மனத்திலேயே கட்டடத்தை எழுப்பிக்கொள்ளும் டிராஃப்ட்ஸ்மேனின் பயிற்சியே.

திருத்தமும் ஒரு சிக்கலாயிற்று. ஒரு படம் மாறினால் அதைச் சார்ந்த படங்கள் அனைத்தும் மாற வேண்டும். பழைய பிரதிகள் களத்திலிருந்து திரும்பப் பெறப்பட வேண்டும். படத்தின் வலது கீழ்மூலையில் தலைப்புக் கட்டம் அமைத்து, திருத்த எண்ணையும் நாளையும், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதலளித்தவர் ஆகியோரின் கையெழுத்துகளையும் அதில் இடும் வழக்கம் இதற்காகவே உறுதிப்பட்டது. கட்டடப் படங்கள் எவ்வாறு வரையப்பட வேண்டும் என்பதற்கான ஐ.எஸ். 962 என்ற இந்தியத் தரநெறியும் வெளிவந்தது. அவ்வளவு ஒழுங்கு இருந்தும், பழைய திருத்த எண் கொண்ட பிரதியைக் கையில் வைத்துக் கம்பி கட்டிவிட்டு, கான்கிரீட் கொட்டிய பிறகு உடைத்துத் துளையிடும் வழக்கம் எங்கும் தொடர்ந்தது. அவ்வாறு உடைப்பதைச் ‘சிப்பிங்’ என்ற ஒரே சொல்லால் களத்தில் கடந்துவிடுவர்.

குழாய்களின் காடு

விடுதலைக்குப் பின் இப்பகுதியின் முகம் மாறியது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு ஆலை வந்தது. மணலியில் 25 லட்சம் டன் ஆண்டுத் திறனோடு சென்னை எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969-இல் இயங்கத் தொடங்கியது. 1970 முதல் 1975 வரை ஐந்து அலகுகளாக 450 மெகாவாட் திறனுடைய எண்ணூர் அனல் மின் நிலையம் வளர்ந்தது. இவற்றுள் பின்னிரண்டும் ஒருங்கிணைப்பின் இலக்கணத்தையே மாற்றிய கட்டுமான வகைகள். மற்ற கட்டடங்களில் சுவரும் தளமும் முதன்மை பெற, குழாயும் வடமும் பின்னால் வந்து சேரும். சுத்திகரிப்பு ஆலையிலோ குழாயே கட்டடம். தூணும் தளமும் அதைத் தாங்குவதற்காகவே எழுகின்றன.

வெப்பத்தால் நீளும் குழாய்க்கு வளைவு விட வேண்டும். வால்வைத் திருப்ப ஆள் நிற்க இடம் வேண்டும். கொதிநிலைக் குழாயின் அருகே மின்வடம் போகலாகாது. இவற்றைத் தரைப்படத்தில் காட்டுவது இயலாது என்பதால், ஒவ்வொரு குழாயையும் மூன்று அச்சுகளும் சாய்வாகத் தோன்றும் ஐசோமெட்ரிக் படமாகத் தனித்தாளில் வரையும் முறை நிலைபெற்றது. அதற்கும் அப்பால், 1950-களிலிருந்து உலகின் பெரிய ஆலை வடிவமைப்பு அலுவலகங்களில், ஆலை முழுவதையும் பிளாஸ்டிக் துண்டுகளால் சிறு அளவில் செய்து மேசைமேல் நிறுத்தும் வழக்கமும் பரவியது. வண்ணக் குச்சிகள் குழாய்களாக நிற்கும் அம்மாதிரியைச் சுற்றிவந்து பொறியாளர்கள் வாதிட்டனர். ஒரு குச்சி மற்றொன்றை இடித்தால் அதைக் கண்ணால் காணவும் கையால் தொடவும் முடிந்தது. இன்றைய முப்பரிமாணக் கணினி மாதிரியின் நேர் மூதாதை இந்த மேசை மாதிரியே. பிரிட்டனின் கேம்பிரிட்ஜில் 1960-களின் பிற்பகுதியில் நிறுவப்பட்ட கேட்சென்டர், 1970-களில் உருவாக்கிய பி.டி.எம்.எஸ். என்ற மென்பொருள் ஆலைக் குழாய்களை மனத்தில் கொண்டே பிறந்தது. கட்டடக் கலைஞர்களுக்கான ஆர்ச்சிகேட் மென்பொருளை வெளியிட்ட ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனத்தின் தொடக்க வேலையும் பாக்ஸ் அணுமின் நிலையத்தின் குழாய் மாதிரியோடு தொடர்புடையது.

மாதிரிக்குள் கட்டடம்

கட்டடத்தைக் கோடுகளின் தொகுப்பாகப் பாராமல் பொருள்களின் தரவுத்தொகுப்பாகக் கணினியில் வைக்கலாம் என்ற கருத்தை, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஈஸ்ட்மன் 1970-களின் நடுவில் முன்வைத்தார். ஆயினும் 1982-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ஆட்டோகேட், ஒளி மேசையையும் மெழுகுத்துணியையும் கணினித் திரைக்கு மாற்றியதே ஒழிய, கோடு கோடாகவே இருந்தது. சுவரைக் குறிக்கும் இரு கோடுகளுக்குத் தாம் சுவர் என்பது தெரியாது. ‘கட்டடத் தகவல் மாதிரி’ என்ற தொடர் 1992-இல் ஆய்வுக் கட்டுரை ஒன்றில் இடம்பெற்றது. 2000-இல் வெளிவந்த ரெவிட் மென்பொருளை 2002-இல் ஆட்டோடெஸ்க் வாங்கியதும் அக்கருத்து அன்றாடத் தொழிலாயிற்று. பிரிட்டன் 2016 முதல் நடுவண் அரசின் கட்டுமானங்களுக்கு இம்முறையைக் கட்டாயமாக்கியது, 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்ற பன்னாட்டுத் தரநெறி வந்தது.

இம்முறையில் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், குளிரூட்டல், மின்சாரம், குடிநீர், தீயணைப்பு ஆகிய துறையினர் தத்தம் மாதிரிகளைத் தனித்தனியே உருவாக்குகின்றனர்; குறித்த இடைவெளியில் அவை ஒரே ஆயத்தொலைவில் அடுக்கப்பட்டுக் கூட்டு மாதிரியாகின்றன. ஆயத்தொலைவு என்பது எல்லா மாதிரிகளும் ஒப்புக்கொண்ட ஒரு சுழிப்புள்ளியிலிருந்து அளக்கும் தொலைவு. ஒரு பணிக்கு ஒரு முழக்கோல் என்ற பழைய விதியின் இன்றைய வடிவம் அது. அடுக்கியபின் மென்பொருள் மோதல்களைத் தேடுகிறது. எடுத்துக்காட்டாக, நிலத்தடி நிலையம் ஒன்றின் கூரையடியில் 600 மில்லிமீட்டர் உயரமுள்ள காற்றுக்குழாய் செல்ல வேண்டும். ஆனால் பீமுக்கும் பொய்க்கூரைக்கும் இடையே 450 மில்லிமீட்டரே கிடைக்கிறது என்றால், அவ்விடத்தில் குழாயும் பீமும் ஒன்றையொன்று ஊடுருவுவதை மென்பொருள் சிவப்பாகக் காட்டும். இது நேர்மோதல். இரண்டும் தொடாவிட்டாலும், பழுதுபார்ப்பவர் கை நுழைப்பதற்கான இடைவெளி இல்லையென்றால் அது இடைவெளி மோதல். அலுவலக வழக்கில் இரண்டும் ‘கிளாஷ்’ என்றே வழங்கும்.

கிளாஷைக் காண்பது கணினியின் வேலை. தீர்ப்பது கூட்டத்தின் வேலை. மேற்கண்ட இடத்தில் காற்றுக்குழாயைத் தட்டையாக்கி அகலப்படுத்தலாம், அப்போது காற்றின் ஓசை கூடும். பீமில் துளை விடலாம், அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் மறுகணக்கிட வேண்டும். பொய்க்கூரையை இறக்கலாம், அதற்குக் கட்டடக் கலைஞர் இசைய வேண்டும். யார் விட்டுக்கொடுப்பது என்பதற்கு நடைமுறையில் ஒரு வரிசை உண்டு: சாய்வில் ஓட வேண்டிய கழிவுநீர்க் குழாய் கடைசியாக நகரும், எளிதில் வளையும் மின்வடத் தட்டு முதலில் நகரும். இம்முடிவுகளைப் பதிய, செய்பணி, பகிர்வு, வெளியீடு, காப்பகம் என நான்கு நிலைகள் கொண்ட பொதுத் தரவுச் சூழலை ஐ.எஸ்.ஓ. 19650 வகுத்துள்ளது, தலைப்புக் கட்டத்தில் இட்ட மூன்று கையெழுத்துகளும் பழைய பிரதியைத் திரும்பப் பெறும் ஒழுங்கும் இங்கே கோப்பு நிலைகளாக மாறியுள்ளன.

தேரடி வழியே ஒரு தடம்

இப்பகுதியின் அண்மைக் காலப் பெருங்கட்டுமானம் மெட்ரோ ரயில். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரையிலான 9 கிலோமீட்டர் நீட்டிப்புக்கு 2016-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2021 பிப்ரவரி 14 அன்று போக்குவரத்து தொடங்கியது. தியாகராயர் கல்லூரி, தண்டையார்பேட்டை நிலையங்கள் நிலத்தடியிலும், அவற்றுக்கு வடக்கே உள்ளவை உயர்மட்டத்திலும் அமைந்துள்ளன. சுரங்கம், நிலையக் கட்டடம், தண்டவாளம், சமிக்ஞை, மின்விநியோகம், காற்றோட்டம், மின்தூக்கி ஆகியவை தனித்தனி ஒப்பந்தங்களில் நடப்பதால், ஒப்பந்தத்துக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவிலான எல்லைக்கோட்டில்தான் மெட்ரோ பணிகளின் பெரும்பாலான முரண்கள் எழுகின்றன. இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ, மாதிரியோடு காலத்தையும் செலவையும் இணைத்த ஐந்து பரிமாண பிம் முறையைத் தொடக்கத்திலிருந்தே கையாண்டு கவனம் பெற்றது. வடக்கே மாதவரத்தில் இரு தடங்கள் தொடங்கும், 118.9 கிலோமீட்டர் நீளமும் 63,246 கோடி ரூபாய் மதிப்பும் கொண்ட சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திலும் வடிவமைப்பு ஒருங்கிணைப்பு இத்தகைய மாதிரிகளுக்குள் நகர்ந்துள்ளது.

பழைய நகரின் அடியில் தோண்டும்போது மாதிரியின் எல்லை தெளிவாகிறது. தண்டையார்பேட்டை, ராயபுரம் தெருக்களின் கீழே பல தலைமுறைகளில் புதைத்த குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர்ச் செங்கல் வடிகால்களும் மின்வடங்களும் தொலைபேசி வடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றுக்குப் படம் இல்லை, படம் இருப்பவற்றிலும் ஆழம் குறிக்கப்படுவதில்லை. ஆகவே நில ஊடுருவல் ரேடாரை உருட்டிச் சென்றும், சோதனைக் குழி வெட்டிப் பார்த்தும் கண்டறிந்தவற்றை மாதிரியில் ஏற்றுகின்றனர். குழியின் விளிம்பில் நின்று, வாய்க்கால் இந்தப் பக்கம்தான் போகும் என்று கை காட்டும் வட்டார வால்வு ஊழியரின் சொல் இன்றும் ஒரு தரவு. மாதிரியின் உறுப்புகளுக்கு அவற்றின் நம்பகத்தன்மையைக் குறிக்கும் எல்.ஓ.டி. என்ற படிநிலை தரப்படுகிறது: 100 என்றால் வெறும் குறியீடு, 300 என்றால் வடிவமைப்பின்படியான திட்ட அளவு, 500 என்றால் களத்தில் சரிபார்த்தது. தெரியாததைத் தெரியாதது என்றே பதிவு செய்ய இடமளிப்பது தாளில் இல்லாத ஒரு நற்பண்பு. ஒளி மேசையில் எல்லாக் கோடுகளும் ஒரே கருமையில் உறுதியாகத் தோன்றின.

இத்தொழிலின் இன்னொரு முகமும் வடசென்னையில் உண்டு. காட்டுப்பள்ளியில் கடல் எண்ணெய்க் கிணற்று மேடைகள் கரையிலேயே பாகம் பாகமாகச் செய்யப்பட்டுக் கப்பலேறுகின்றன. மாதிரியில் பொருந்திய பாகம் கடலின் நடுவிலும் பொருந்தியாக வேண்டும் என்பதால், அங்கே மில்லிமீட்டர் பிழைக்கும் இடமில்லை. தட்சகர் ஓரிடத்தில் வெட்ட, வர்த்தகி வேறிடத்தில் பொருத்தும் பழைய பகுப்பு இங்கே கண்டம் தாண்டி நீள்கிறது.

பொறுப்பாளர் இல்லாத உறுப்பு

எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. அருகே 1990-களில் எழுந்த வடசென்னை அனல் மின் நிலையத்திலிருந்து சாம்பலை நீரோடு கலந்து குளத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தைக் கடக்கின்றன. கசிவால் சாம்பல் அங்கே படிந்தது குறித்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குகள் நடந்தன. அதே கழிமுகத்தின் நீர்ப்பரப்பு எதுவரை என்பதை எந்தக் கடலோர மண்டல வரைபடம் சரியாகக் காட்டுகிறது என்ற சர்ச்சை 2017-இல் பொதுவெளியில் பெரிதாக எழுந்தது. ஆலைக்குள் ஒவ்வொரு குழாயின் சாய்வும் வால்வின் உயரமும் படத்தில் இருக்க, குழாய் சென்று சேரும் நீர்நிலையின் எல்லையே வாதத்துக்குரியதாக இருந்தது. பார்க்ஸ் காலத்து மணலும் இக்காலத்துச் சாம்பலும் ஒரே வகைப் பிழையின் இரு சான்றுகள்: இரண்டிலும் வரையப்பட்டவை பொருந்தின, வரையப்படாதது பொருந்தவில்லை.

பிம் முறை இதற்கு விடையளிக்குமா என்பது மென்பொருளின் திறனைப் பொறுத்ததன்று. நில அமைப்பையும் நீரோட்டத்தையும் கரைநகர்வையும் மாதிரியில் சேர்ப்பதற்கான தொழில்நுட்பம் இன்று கிடைக்கிறது. ஆனால் அம்முறையின் அடிப்படை விதி, ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும் என்பது: தூண் கட்டமைப்புப் பொறியாளருடையது, காற்றுக்குழாய் குளிரூட்டல் துறையுடையது, கதவு கட்டடக் கலைஞருடையது. ஓர் உறுப்பு மற்றொன்றில் மோதும்போது இரு பொறுப்பாளர்கள் கூட்டத்தில் எதிரெதிரே அமர்கின்றனர். மோதல் அவ்வாறுதான் தீர்கிறது. ஒப்பந்தத்தில் பொறுப்பாளர் குறிக்கப்படாத பொருள் மாதிரியில் இடம்பெற்றாலும் பின்புலக் காட்சியாகவே நிற்கும். அதற்காகக் கூட்டத்தில் பேச ஒருவரும் இல்லை.

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள கோயிலில் இரவி எடுத்த வளைசுவர் இன்றும் நிற்கிறது. எடுப்பித்தவர் யார், கட்டியவர் யார் என்பதற்கான பதில் அக்கோயிலின் கல்லிலேயே உள்ளது. அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு நடந்தால் கருங்கல் தடுப்பும் தூண்டில் வளைவுகளும் வரும். துறைமுகச் சுவரின் ஒவ்வொரு கட்டியையும் வார்க்கவும் ஏற்றவும் அடுக்கவும் ஆள் குறித்திருந்த திட்டத்தில், மணலுக்கு மட்டும் யாரையும் குறிக்கவில்லை.